வில்பத்துக் காட்டிலே ஒரு பச்சோந்தி

பச்சோந்தி என்னும் பெயரைக் கேளாத தமிழர் இலர். கட்சி மாறிய அரசியல்வாதியை வையவும், ஆளுக்கொரு பேச்சுப் பேசும் உறவினரைப் பழிக்கவும் அப்பெயர் நம் நாவின் நுனியிலே காத்திருக்கின்றது. ஆனால் அப்பிராணியைத் தம் கண்ணாற் கண்டவர் மிகச் சிலரே. எங்கள் கல்லூரியில் ஒரு நாள் மாணாக்கரிடம் இதைக் கேட்டேன். ஏறக்குறைய எல்லோரும் கை தூக்கினர். அஃது எவ்வாறிருந்தது என்று வினவினேன். "தலையும் கழுத்தும் சிவந்திருந்தது, சேர். வேலிக் கதியாலில் இருந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தது" என்றான் ஒருவன். மற்றையோரும் ஆம் என்றனர். அவர்கள் கண்டது வேலி ஓணான்.

இம்மயக்கம் மாணாக்கருக்கு மட்டும் உரியதன்று. ஓணானும் இனப்பெருக்க காலத்திலே நிறம் மாறும். ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் செக்கச் சிவந்துவிடும். அச்சிவப்பைக் கண்டே ஆங்கிலேயர் அதற்கு 'இரத்தம் உறிஞ்சி' என்று பெயரிட்டனர். நம் சிறுவர்களும் ஏதோ பழிதீர்ப்பவர் போல அதன்மேற் கல்லெறிகின்றனர். பாவம், அது எவருடைய இரத்தத்தையும் உறிஞ்சுவதில்லை. ஓணான் ஒரு குடும்பம். பச்சோந்தி வேறொரு குடும்பம். ஓணான் ஓடும், பாயும், அம்பெனப் புதருக்குள் மறையும். பச்சோந்திக்கு ஓட்டம் என்பதே இல்லை. அதன் நடையைக் கண்ட எவரும் பின்னர் ஒருபோதும் மயங்கார்.

தமிழ்ச் சொல்லும் இவ்விரண்டையும் உறவாக்கியே வைத்திருக்கின்றது. பச்சை நிறத்து ஓந்தி பச்சோந்தி ஆயிற்று. ஓந்தி, ஓதி, ஓணான் என்பன ஒரே கிளையின் சொற்கள். குறுந்தொகையின் 140ஆம் பாடலிலே முதிய ஆண் ஓதி ஒன்று வருகின்றது. கருக்கரிவாளின் வாய் போன்ற முதுகுடைய அதனை, பாலை வழியே செல்வோர் நிமித்தமாகக் கொள்வர் என்பது செய்தி. அள்ளூர் நன்முல்லையார் கண்டது ஓணானா, பச்சோந்தியா என்று நாம் வழக்காட வேண்டியதில்லை. இரண்டுக்கும் முதுகு வரம்பிலே பற்கள் உண்டு. வறண்ட காட்டு வழியையும் அவ்வழியிற் கிடந்த பல்லியினப் பிராணியையும் அப்புலவர் சேர்த்தே கண்டார் என்பதுதான் நமக்கு வேண்டியது. ஏனெனில் நம் நாட்டுப் பச்சோந்தியைத் தேடுவோரும் வறண்ட காட்டு வழிக்கே செல்லல் வேண்டும்.

சென்ற ஐப்பசியில், முதல் மழை பெய்து நிலம் சற்றே குளிர்ந்திருந்த வேளையில், மாணாக்கர் பதினெண்மரும் ஆசிரியர் மூவருமாக வில்பத்துக்குச் சென்றோம். வடக்கிலிருந்து செல்வோர் வவுனியா கடந்து அநுராதபுரம் சேர்ந்து, ஆங்கிருந்து புத்தளம் செல்லும் வீதியிலே திம்பிரிவெவவில் வலப்புறம் திரும்பினால், சில மைல் தூரத்தில் ஹுனுவிலகம வாயிலை அடையலாம். 1938 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இக்காடு சுமார் 1,317 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. போர்க்காலத்தில், 1988 இல், அது மூடப்பட்டது. 2003 இல் திறந்து, பின்னர் மறுபடியும் மூடி, 2010 இல் மீண்டும் திறந்தனர். மனிதர் புகாத அந்த ஆண்டுகளிலே காட்டுவழிகள் பல மரங்களால் அடைபட்டுக் கிடந்தன என்று முதிய ஊழியர் ஒருவர் கூறினார்.

மலைநாட்டுக் காட்டைப் போல் இது வானளாவிய காடன்று. வீரையும் பாலையும் முதிரையும் கருங்காலியும் நெருங்கி நிற்க, இடையிடையே முட்பற்றைகள் மண்டிய தாழ்ந்த காடு. திடீரென மரங்கள் விலகும். வெண்மணற் கரையோடு ஒரு நீர்ப்பரப்புத் தோன்றும். இதுவே வில்லு. வெட்டிய குளமன்று, மழைநீர் இயற்கைப் பள்ளத்தில் தங்கியது. இவ்வில்லுகளாலேயே காடு பெயர் பெற்றது. பெயர்களைக் கேட்டுக்கொண்டு செல்வதே தமிழாசிரியன் ஒருவனுக்கு இன்பம்: காளி வில்லு, குருட்டுப் பாண்டி வில்லு, யானை பிடிக்கும் பணிக்கரை நினைவூட்டும் பணிக்க வில்லு. அருகருகே சிங்களப் பெயர்களும் உள. மேற்கே கடலோரத்திலே செம்மண் மேடாகக் குதிரைமலை நிற்கின்றது. அதைப் பற்றி எழுதப் புகுந்தால் பச்சோந்தி நின்றுபோம்.

வில்பத்துக்கு வருவோரெல்லாம் சிறுத்தையைக் காணவே வருகின்றனர். எம் மாணாக்கரும் அவ்வாறே. காலை ஏழு மணியளவில், கும்புக் வில்லுப் பக்கம் சிறுத்தை ஒன்று படுத்திருப்பதாகச் செய்தி பரவியது. எங்கள் ஜீப்பின் சாரதி வேகத்தைக் கூட்டினார். அப்போது வழிகாட்டியாக வந்த வனத்துறை ஊழியர் அவர் தோளில் ஓங்கித் தட்டி, "நிறுத்து, நிறுத்து!" என்றார். செம்மண் வழியின் நடுவே, மழையில் உதிர்ந்த பச்சை இலையொன்று காற்றில் அசைவது போல ஏதோ அசைந்தது. உற்று நோக்கினோம். காற்று இல்லை. இலைக்குக் கால்கள் இருந்தன.

முன்காலொன்றை மெல்ல எடுக்கும். எடுத்ததை உடனே வைக்காது. முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று முறை உடலை ஆட்டும். வைக்கலாமா, வேண்டாமா என்று எண்ணுவது போல. பின்னரே வைக்கும். கிளையின்மீது இந்த ஆட்டம் மிகவும் பயனுடையது. காற்றில் இலைகள் ஆடும்போது தானும் ஆடுவதால் பருந்தின் கண்ணுக்கும் பாம்பின் கண்ணுக்கும் இலைகளுள் ஓர் இலையாகிவிடும். வெறும் மண்ணிலோ அதுவே அதற்கு வினையாகின்றது. மூக்கு நுனி முதல் வால் நுனி வரை பதினான்கு, பதினைந்து அங்குலம் இருக்கும் அப்பிராணி, பத்தடி அகலமான வழியைக் கடக்க முயன்றுகொண்டிருந்தது.

அவ்வேளையிலே எமக்குப் பின்னால் வேறொரு ஜீப் விரைந்து வந்தது. அதுவும் சிறுத்தையைத் தேடியே வந்தது. எங்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டு முந்த அதன் சாரதி முயன்றார். பயணிகள் நாம் காட்டினுள் வண்டியை விட்டு இறங்கலாகாது. வழிகாட்டி மட்டும் குதித்திறங்கி, இரு கைகளையும் விரித்துக்கொண்டு வழியின் நடுவே நின்றார். பின்வண்டியிலிருந்தோர் சத்தமிட்டனர், ஒருவர் கைக்கடிகாரத்தைச் சுட்டிக் காட்டினார். வழிகாட்டி ஒன்றும் பேசவில்லை; தம் காலடியைச் சுட்டிக் காட்டினார். அதன் பிறகு அங்கும் அமைதி உண்டாயிற்று. பதினோரு நிமிடங்கள் என்று எங்கள் மாணவி ஒருத்தி கணக்கிட்டாள். அத்தனை நேரம் இரண்டு ஜீப்புகளும் ஒரு பல்லியினப் பிராணிக்காகக் காத்து நின்றன. அது மறுபக்கப் புதரை அடைந்து, முதற் கொம்பைப் பற்றியவுடன் நடை மாறிற்று. மண்ணிலே தடுமாறிய கால்கள் மரத்திலே வீடு சேர்ந்தன.

அக்கால்களின் அமைப்பை ஒருமுறை பார்த்தவர் மறவார். ஐந்து விரல்களும் தனித்தனியே நில்லாமல் இரண்டு கட்டாகப் பிணைந்திருக்கும். முன்காலில் உட்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு. பின்காலில் உட்பக்கம் இரண்டு, வெளிப்பக்கம் மூன்று. ஆதலால் ஒவ்வொரு பாதமும் ஒரு குறடு. கொம்பை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கவென அமைந்த இப்பாதம், தட்டையான தரைக்கு எவ்வாறு பொருந்தும்? வால் ஐந்தாவது கை. சுருட்டிப் பற்றிக்கொள்ளும். ஓணானுக்கும் பச்சோந்திக்கும் இன்னொரு வேற்றுமை இங்கேயுண்டு. ஓணானின் வால் கொம்பைச் சுற்றிப் பிடிக்காது. பச்சோந்தியின் வாலோ, பல்லியின் வாலைப் போல் அறுந்து மீள வளர்வதும் இல்லை, இழந்தால் இழந்ததே.

கிளையிலே அமர்ந்ததும் அஃது எம்மைப் பார்த்தது. பார்த்தது என்று எவ்வாறு சொல்வது! ஒரு கண் எம்மை நோக்கியது. மற்றக் கண் மேலே வானத்தை நோக்கியது. கூம்பு வடிவான இமை ஒன்று கண் முழுவதையும் மூடியிருக்க, நடுவிலே மணிக்கு மட்டும் ஊசித்துளை போன்ற ஒரு வாயில். இரண்டு கூம்புகளும் தத்தம் போக்கிலே சுழலும். தலையை அசையாமலே ஏறக்குறையச் சுற்றியுள்ள யாவற்றையும் காணும். ஆனால் இரை அகப்பட்டுவிட்டால் இரு கண்களும் ஒருமுகப்பட்டு முன்னே திரும்பும். ஒவ்வொரு கண்ணும் தன் வில்லையின் குவிவை மாற்றித் தூரத்தை அளந்துகொள்ளும்.

அதனை நாம் நண்பகலிலே நேரிற் கண்டோம். இறங்குவதற்கு அனுமதியுள்ள ஓரிடத்தில் உணவுப் பொதிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, முட்பற்றை ஒன்றிலே இரண்டாவது பச்சோந்தியை வழிகாட்டி காட்டினார். ஓரடி தூரத்தில் ஒரு வெட்டுக்கிளி. கண்கள் இரண்டும் முன்னே திரும்பின. வாய் சிறிது திறந்தது; நாவின் பருத்த நுனி வெளியே எட்டிப் பார்த்தது. பிறகு என்ன நடந்ததென்று எவருக்கும் தெரியவில்லை. வெட்டுக்கிளி இருந்த இடத்தில் வெட்டுக்கிளி இல்லை, பச்சோந்தி மென்றுகொண்டிருந்தது. "சேர், திரும்பச் செய்யச் சொல்லுங்கோ" என்று ஒரு பையன் கூறியது கேட்டு எல்லோரும் நகைத்தோம்.

இந்நாவின் விசையை ஆராய்ந்தோர் நெடுங்காலம் வியந்தனர். எந்தத் தசையும் இத்துணை விரைவாகச் சுருங்க இயலாது. விடையை 2004 இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் இருவர் விளக்கினர். நாவின் நடுவே வழுவழுப்பான ஒரு தண்டு உண்டு. அதைச் சுற்றித் தசை. தசைக்கும் தண்டுக்கும் இடையே மீள்தன்மையுள்ள உறைகள் பல. தசை மெல்லச் சுருங்கும்போது அவ்வுறைகள் இழுபட்டு நிற்கும். நுனியைத் தாண்டி வழுக்கியவுடன் அத்தனை விசையும் ஒருங்கே விடுபடும். வில்லை வளைப்பவன் மெல்லவே வளைக்கின்றான். அம்பு போவதுதான் விரைவு. இவ்வில்லுக்குக் குளிரும் பெருந்தடையன்று. மற்றைய தசைகள் சோர்ந்துவிடும் குளிர்ந்த காலையிலும் பச்சோந்தியின் நா ஏறக்குறைய அதே விரைவோடு பாயும் என்று யேமன் நாட்டுப் பச்சோந்தியை வைத்து 2010 இற் கண்டனர். பிடித்த இரை நழுவாததற்கோ காரணம் அதன் எச்சில். மனித எச்சிலிலும் சுமார் 400 மடங்கு பிசுபிசுப்புடையது அது என்று 2016 இல் அளந்து கூறினர். பண்டைய உரோமர் பச்சோந்தி காற்றையே உண்டு வாழ்கிறது என்று நம்பினராம். இரை மறையும் வேகத்தைக் கண்டால் அவர்களைக் குறை கூறத் தோன்றாது.

இனி நிறத்துக்கு வருவோம். வாசகர் காத்திருப்பது அதற்காகத்தானே. வழியைக் கடந்த முதற் பச்சோந்தி செம்மண்ணின் நடுவே பச்சையாகவே இருந்தது. இருக்கும் இடத்தின் நிறத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும் என்பது மெய்யானால் அது சிவந்திருக்க வேண்டும் அல்லவா? சிவப்புத் துணியில் வைத்தாற் சிவக்கும், நீலத்தில் வைத்தால் நீலமாகும் என்பதெல்லாம் கதை. அதன் இயல்பான நிறம் இலைப்பச்சை. அதன்மேற் பட்டைகளும் புள்ளிகளும். இவை கடும்பச்சையாகும், மஞ்சளாகும், பழுப்பாகும், ஏறக்குறையக் கறுப்பாகவும் ஆகும். காலை வெயிலிற் குளிர் காயும்போது உடலைக் கறுக்க வைத்துக்கொள்ளும். கறுப்பு வெப்பத்தை வாங்கும் என்பதை அதற்கு யாரும் கற்பிக்கவில்லை. சினம் வந்தாலும், அச்சம் வந்தாலும், எதிரே இன்னோர் ஆண் வந்தாலும், பெண் வந்தாலும் நிறம் பேசும். தென்னாபிரிக்காவின் குறும் பச்சோந்திகளை ஒப்பிட்டு ஆராய்ந்தோர் 2008 இல் இதனையே வற்புறுத்தினர்: நிறமாற்றத்தில் வல்ல இனங்கள் ஒளிந்துகொள்வதற்காக அவ்வன்மையைப் பெறவில்லை, தம்மவர்க்குத் தம் கருத்தை உரைப்பதற்காகவே பெற்றன.

நிறம் எவ்வாறு மாறுகின்றது? கருநிறப் பொருள் கலங்களுக்குள்ளே பரவுவதும் ஒடுங்குவதும் ஒரு வழி. அதனினும் நுண்ணிய வழியை 2015 இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றிலே கண்டனர். தோலின் கலங்களிலே கண்ணுக்குப் புலனாகாத பளிங்குத் துகள்கள் அடுக்கடுக்காக உள. அவை நெருங்கி நின்றால் நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். தோலிலுள்ள மஞ்சளோடு அந்நீலம் கூட, நம் கண்ணுக்குப் பச்சையாகின்றது. பிராணி கிளர்ச்சியுற்றால் துகள்களுக்கிடையே இடைவெளி விரியும்; மஞ்சளும் செம்மஞ்சளும் தோன்றும். வண்ணம் பூசுவதும் இல்லை, கழுவுவதும் இல்லை. ஒளியையே வேறு வகையாகத் திருப்புகின்றது.

உலகிலே பச்சோந்தி இனங்கள் இருநூறுக்கு மேல். ஏறக்குறையப் பாதி மடகாஸ்கர் தீவிலும், எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை ஆபிரிக்காவிலும் வாழ்கின்றன. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்து இயற்கை அளித்தது ஒன்றே ஒன்று. 1768 இல் லோரென்ரி என்னும் அறிஞர் அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியபோது 'சைலானிக்கஸ்' என்று நம் நாட்டின் பெயரையே வைத்தார். சிங்கள மக்கள் 'போதிலிமா' என்பர். நமது வறண்ட வலயத்தின் காடுகளிலும் பற்றைகளிலும் மட்டுமே அது வாழ்கின்றது. ஈர வலயத்துப் பெருங்காட்டிலே தேடிப் பயனில்லை. மலைநாட்டிற் காணும் கொம்பு மூக்குப் பிராணிகளையும் சிலர் பச்சோந்தி என்பர். அவையும் ஓணானின் உறவினரே.

வழியைக் கடந்த அப்பச்சோந்தி ஏன் மரத்தை விட்டு இறங்கிற்று என்று மாணாக்கர் கேட்டனர். "வயிற்றைப் பார்த்தீர்களா? அது பெண். முட்டையிடப் போகிறது" என்றார் வழிகாட்டி. ஆண்டு முழுவதும் மரத்திலேயே வாழக்கூடிய இப்பிராணியின் பெண்ணுக்குத் தரைக்கு இறங்கியே தீரவேண்டிய கடமை இது ஒன்று. மழைக்கு நிலம் நெகிழும் ஐப்பசியளவில் அது கீழே வந்து, தக்க இடத்தைத் தேடி, தன் குறட்டுக் கால்களாலேயே வளை தோண்டும். பத்து முதல் முப்பது வரையில் முட்டைகளை இடும். மண்ணை மூடி, தடம் தெரியாமற் செய்துவிட்டு மரமேறும். பின்னர் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பல மாதங்களின் பின் குஞ்சுகள் தாமே மண்ணைப் பிளந்து வெளிவந்து, அருகிலுள்ள துரும்பைப் பற்றி ஏறும். பிறந்த அன்றே கண்கள் சுழலும், நா பாயும். (மடகாஸ்கரின் இன்னோரினம் எட்டொன்பது மாதம் முட்டைக்குள்ளே இருந்து, வெளிவந்தபின் நாலைந்து மாதங்களிலே வளர்ந்து, முட்டையிட்டு, இறந்துவிடுகின்றதாம். வாழ்நாளின் பெரும்பகுதி முட்டைக்குள்ளேயே கழிந்த உயிர்!)

காடு துண்டாடப்படாத காலத்திலே இவ்விறக்கம் பெரிய ஆபத்தன்று. இன்று ஒவ்வொரு காட்டின் ஊடாகவும் வீதி செல்கின்றது. தெருவோரத்து நெகிழ்ந்த மண்ணே தோண்டுவதற்கு இலகுவானது. ஆதலால் தாய் அதை நாடி வருகின்றது. சில்லின் அடியில் அகப்படும் பெண் பச்சோந்தி தனியே சாவதில்லை; இருபது முப்பது உயிர்களைச் சேர்த்தே கொண்டுபோகின்றது. உலகளவில் இவ்வினம் இப்போது அழிவின் விளிம்பில் இல்லை என்பது மெய். 1977 முதல் அதன் சர்வதேச வணிகமும் உடன்படிக்கையாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஆயினும் பூங்காவின் எல்லைக்கு வெளியே பற்றைக்காட்டை வெட்டி எரிக்கும் இடங்களிலே உடன்படிக்கை யாருக்குத் தெரியும்?

வீதியினும் பொல்லாதது அச்சம். அன்று மாலை நாங்கள் தங்கிய ஊரிலே தேநீர்க் கடைக்காரர் ஒருவர், "அதன் மூச்சுப் பட்டாலே உடம்பு வீங்கும், கண்டால் அடித்துவிட வேண்டும்" என்றார். பச்சோந்திக்கு நஞ்சு என்பது அறவே இல்லை. அண்டினால் நுரையீரல்களை நிரப்பி உடலைப் பருக்க வைக்கும், வாயைப் பிளந்து சீறும், மிஞ்சினாற் கடிக்கும். ஓட இயலாத உயிர் வேறென்ன செய்யும்? எங்கள் விலங்கியல் ஆசிரியர் இதனைச் சிங்களத்திலே பொறுமையாக விளக்கினார். கடைக்காரர் முழுவதும் நம்பினார் என்று சொல்லமாட்டேன். "அப்படியானால் ஒன்றைக் கையிலே எடுப்பீர்களா, மாத்தயா?" என்று கேட்டார். எடுப்பேன், ஆனால் அதற்குத் துன்பமாயிருக்கும் என்பதால் எடுக்கமாட்டேன் என்றார் ஆசிரியர். கடைக்காரர் சிரித்தார்.

ஆனால் அவரே இரவு எட்டு மணிக்குத் தம் ரோச் விளக்கோடு வந்து நின்றார். தோட்டத்துக்கு அப்பாலுள்ள பற்றைகளிலே பகலில் எவ்வளவு தேடியும் நாங்கள் ஒன்றையும் காணவில்லை. இரவிலே நிலைமை வேறு. உறங்கும் பச்சோந்தி வெளிறிப் போகும்; விளக்கொளி பட்டால் இருண்ட இலைகளின் நடுவே மங்கிய வெண்மையாகத் தெரியும். உறங்குமிடமும் குறிப்பானது: மெல்லிய கொம்பின் நுனி. பாம்போ மரநாயோ ஏறினால் கொம்பு நடுங்கும். நடுங்கியவுடன் பிடியை விட்டுக் கீழே விழுந்து தப்பும். ஆதலால் எவரும் செடியைத் தொடலாகாது என்று முன்னரே எச்சரித்திருந்தோம். ஒரு மணி நேரத்தில் மூன்றைக் கண்டோம். வாலைச் சுருட்டி, கண்களை உள்ளே இழுத்து மூடி, தாம் பகலெல்லாம் அணிந்த நிறங்களைக் களைந்துவிட்டு அவை தூங்கின. மூன்றாவதைக் கண்டவர் கடைக்காரர்தாம். "மெதுவாக, மெதுவாக" என்று மாணாக்கரைத் தடுத்து, விளக்கின் ஒளியைத் தம் விரல்களால் மறைத்துக் குறைத்துக் காட்டினார்.